மணிக்கயிறு யார் கைக்கு எட்டும்?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். என்றால் இன்று பலருக்கு அது ஒரு மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர். அரசு மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையில் உள்ள அந்த வளாகம் பணி ஆணையும் இடமாற்றமும் முடிவாகிற இடம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அங்கேதான் இயங்கியது. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் அந்த வளாகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2015இல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் அவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரமாகும் என்று நம்பி வந்தவர்கள். அதே வார்டில், அதே ஷிஃப்டில், அதே ஊசியைப் போடுகிற நிரந்தரச் செவிலியரின் சம்பளம் இதைவிடப் பல மடங்கு. மூன்றாம் நாள் உயர் நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிடச் சொன்னது. அவர்களும் கலைந்து போனார்கள்.

அன்று அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லாதவர் குறைவு. எந்த அடிப்படையில் அதை நியாயம் என்கிறோம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் சட்டம் என்பார். இன்னொருவர் சமத்துவம் என்பார். ‘பாவம், பொம்பளைப் பிள்ளைங்க’ என்பார் டீக்கடைக்காரர். சமூக வாழ்வில் நீதி எதன்மேல் நிற்கிறது என்ற கேள்விக்குக் காலம் காலமாகச் சொல்லப்பட்ட பதில்கள் எல்லாமே இந்த மூன்று வாய்களுக்குள் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தேனாம்பேட்டையைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டருக்குள்ளேயே அதற்கு வேண்டிய சான்றுகள் பல கிடைக்கின்றன.

சட்டக்காரரின் பதில் முதலில் வரட்டும். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஆகவே கேட்க ஒன்றுமில்லை என்பது அது. இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. சொன்ன சொல்லைக் காப்பது ஓர் அறம். அது இல்லாவிட்டால் சந்தையும் நடக்காது, சம்பந்தமும் நடக்காது. சமூகமே மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை என்று பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் இந்த உணர்வுதான். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் யார் எந்த நிலைமையில் இருந்தார் என்பதை இந்தப் பதில் பார்ப்பதில்லை. பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் நடந்த வழக்கில் 2016 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்த இடத்தில்தான் கை வைத்தது. ஒரே வேலையைச் செய்கிற தற்காலிக ஊழியருக்கும் சமமான ஊதியம் உண்டு என்றது. குறைந்த கூலிக்கு ஒருவர் இணங்குவது விரும்பி அல்ல, குடும்பத்துக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதற்காகத் தன் சுயமரியாதையை விலையாகக் கொடுத்துத்தான் இணங்குகிறார் என்ற பொருளில் அத்தீர்ப்பு பேசுகிறது. டி.எம்.எஸ். வளாகத்தில் செவிலியர்கள் உட்கார்ந்தபோது இந்தத் தீர்ப்புக்கு வயது ஒன்று தாண்டியிருந்தது.

அடுத்தது, பெரும்பாலோருக்கு நன்மை தருவதே நியாயம் என்ற பதில். ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் இதைக் கணக்குப் பாடமாகவே ஆக்கினார். நகர நிர்வாகம் எங்கும் இன்றுவரை இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கூவம் ஓரத்திலும் அடையாறு ஓரத்திலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் குடிசைகளை எடுத்தால் வெள்ளம் வடியும், ஊர் அழகாகும், பல லட்சம் பேருக்கு நல்லது. எடுக்கப்படுகிறவர்கள் சில ஆயிரம் பேர். கணக்குச் சரி. 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி, நகரத்தின் நடுவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். தேனாம்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண்ணுக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி ஒரு வீடு கிடைத்தது, வேலை போனது. பஸ் பிடித்து வந்து போகிற நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்ற புகார் அங்கே பழைய புகார்.

இந்தக் கணக்கு 1985இலேயே நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. பம்பாய் நடைபாதைவாசிகளுக்காகப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைப்பை இழப்பது உயிர் வாழும் உரிமையை இழப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சென்னைக் குடிசைவாசிகளுக்காகப் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கும் அதே ஆண்டில்தான் முடிந்தது. கொள்கையாக இவ்வளவு ஒப்புக்கொண்ட பிறகும் வெளியேற்றங்கள் நின்றுவிடவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாயோர வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது வயதான ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது அதற்குப் பிறகு. பக்கத்திலேயே வீடு தர முடியும் என்பது அப்போது தெரிந்தது. இடிக்கும் முன் அதை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசவில்லை என்பதும் தெரிந்தது.

சமத்துவக்காரரின் பதிலுக்கு வருவோம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் தன் நீதிக் கோட்பாட்டு நூலை 1971இல் வெளியிட்டார். தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பிறக்கும் முன்பே ஊருக்கான விதிகளை எழுதச் சொல்கிறார் ரால்ஸ். நீங்கள் போயஸ் தோட்டத்தில் பிறப்பீர்களா, கால்வாய்க் கரையில் பிறப்பீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது எழுதுகிற விதிதான் நியாயமான விதி. சென்னை மாநகராட்சியின் ஒன்பதாவது மண்டலமான தேனாம்பேட்டை மண்டலத்துக்குள்ளேயே இந்த இரண்டு முகவரிகளும் உண்டு என்பதால் நமக்கு இது எளிதில் புரியும். அமர்த்திய சென் 2009இல் வேறு வழி காட்டினார். பூரண நீதி எப்படி இருக்கும் என்று வரைபடம் போட்டுக்கொண்டிருக்காமல், கண்ணுக்கு முன் தெரிகிற அநியாயத்தை நீக்கப் பாருங்கள் என்பது அவர் கட்சி. ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று குழந்தைகள் உரிமை கோருவதாக அவர் சொன்ன கதை பிரசித்தம். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும், ஒருவனிடம் வேறு பொம்மையே இல்லை, ஒருத்தி அதைச் செய்தவள். மூன்றுமே நியாயமான காரணங்கள்.

இருவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ரால்ஸின் ஏற்பாட்டில் குடிசைக்காரர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக நாமே கற்பனை செய்துகொள்ளலாம். சென் பொது விவாதத்தைப் பற்றி நிறையவே பேசுகிறார். ஆனால் அந்த மூன்று குழந்தைகளும் பேச அனுமதிக்கப்பட்டவர்கள். நம் ஊரில் சிக்கல் அதற்கும் முன்னால் தொடங்குகிறது.

தமிழ் மரபில் நீதி என்றதும் நாக்கில் வருகிற பெயர் மனுநீதிச் சோழன். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் கதை எல்லோரும் அறிந்தது. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று சாகிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். இதே கதையை இலங்கையின் மகாவம்சம், அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. எதிரி மன்னனைப் பற்றிப் பௌத்தத் துறவிகள் எழுதிய நூல் அது. இருந்தும் அவன் நியாயத்தைப் புகழாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. மகாவம்சத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணி அரசனின் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது, அதன் நீண்ட கயிறு வெளியே போகிறது. யார் இழுத்தாலும் அரசனின் தூக்கம் கலையும்.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை மகனைக் கொன்ற அரசனின் தியாகமாகச் சொல்லித் தருகிறார்கள். தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதையும் அப்படித்தான். கதாநாயகன் எப்போதும் தீர்ப்புச் சொல்கிறவன். என் கண்ணில் மணியும் கயிறும்தான் பெரிதாகப் படுகின்றன. ஒரு மாடு வந்து கேட்கலாம், கேட்டால் அரசன் எழுந்து வந்து பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு முன்னேற்பாடாக ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அரசன் நல்லவனாக இருப்பது அதிர்ஷ்டம். கயிறு இருப்பது ஏற்பாடு.

கேட்கிறவர் பக்கமிருந்தே சொல்லப்பட்ட பெருங்கதையும் நம்மிடம் உண்டு. கண்ணகி வாயிற்காவலனைத் தாண்டி உள்ளே போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். பாண்டியன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டவன், கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் குற்றம் என்று அவனுக்கே புரிந்தபோது உயிர் போகிறது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவளுக்கு மெரினாவில் சிலை வைத்தார்கள். 2001இல் அது அகற்றப்பட்டது, 2006இல் திரும்ப வந்தது. விசாரிக்காமல் வெளியேற்றப்பட்டவர்களைக் குடிவைத்த இடத்துக்கு அவள் பெயரைச் சூட்டியவர் யாரோ, அவருக்கு இலக்கியப் பரிச்சயம் இருந்ததா இல்லையா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

வள்ளுவரிடம் வருவோம். நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம், செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், அதை அடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம். நீதி பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றோடு நின்றுவிடுகிறார்கள். ஒப்புரவையும் ஈகையையும் பேசியவர், பொருட்பாலின் கடைசிப் பகுதியில் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை வைத்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொடுக்கிறவனின் பெருமையை அவ்வளவு பேசியவர், கேட்டு நிற்கிறவனின் கூச்சத்தையும் இங்கே பார்க்கிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன்மேலேயே அவருக்குக் கோபம் வருகிறது. தமிழ் அற நூல்களில் இதைவிடக் கடுமையான சமூக விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை.

சங்கப் புலவர்களில் பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி போனார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்துவிட்டார். கொடுத்த பொருளின் அளவு அங்கே பிரச்சினையே இல்லை. என்னைப் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்பது அவர் வாதம். குறுநிலத் தலைவன் இளவெளிமான் சிறிதளவு கொடுத்தபோதும் வாங்காமல் போய், குமணனிடம் யானை பெற்று வந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். வறுமை அவருக்குப் புதிதல்ல, வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்ததை அவரே பாடியிருக்கிறார். அந்த வயிற்றோடுதான் இந்த வீம்பு.

ஆனால் பெருஞ்சித்திரனார் புலவர். அவையில் நுழையும் உரிமை அவருக்கு இருந்தது. நந்தனுக்கு அது இல்லை. பெரிய புராணத்துத் திருநாளைப்போவார், கோபாலகிருஷ்ண பாரதியின் கையில் பண்ணையாளான நந்தனாராக மாறும்போது அவருக்கு ஒரு வேதியர் எஜமானர் வந்து சேர்கிறார். சிதம்பரம் போக அவரிடம் உத்தரவு கேட்டுக் கேட்டு நிற்பதே கதையாகிறது. ஜெமினி ஸ்டூடியோ 1942இல் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்த ‘நந்தனார்’ இதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் கருணையிலிருந்து வந்தது. கருணையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஏழுகிணற்றில் வளர்ந்து வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், பசித்து வந்தவரிடம் சாதி கேட்காமல் சோறு போடச் செய்தார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனாலும் கருணை கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. நந்தனுக்கு வேண்டியிருந்தது எஜமானரின் நல்ல மனநிலை அல்ல, கேட்காமலே போகிற வழி.

அந்த வழியை வெட்டத் தொடங்கியவர்கள் இதே சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, ஒழுக்கமே அளவு என்ற பௌத்த அடிப்படையில் அவர் வாதாடினார். அதற்கும் முன்னால், 1893 டிசம்பரில் இராயப்பேட்டையில் கூட்டம் கூட்டி, 3,412 கையெழுத்துகளோடு 112 அடி நீள மனு ஒன்றை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்த மனு அது. தேச பக்தர்களுக்கு இது கசக்கும். வெள்ளைக்காரன் போய் உள்ளூர் மேல்சாதியான் அதிகாரியாக வந்தால் நம் கதி என்ன என்ற பயத்திலிருந்து வந்த கேள்வி அது, அந்தக் கேள்விக்குக் காங்கிரஸிடம் அன்று பதில் இல்லை. 1924இல் அதே சீனிவாசன் சட்டசபை உறுப்பினராக இருந்து, பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

1916இல் தியாகராய செட்டியாரும் டி.எம். நாயரும் தொடங்கிய கட்சிக்குத் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்றுதான் பெயர். ‘ஜஸ்டிஸ்’ என்று அது நடத்திய பத்திரிகையின் பெயரே மக்கள் வாயில் கட்சிப் பெயராகிவிட்டது. அந்தக் கட்சியின் வரவு செலவைப் பார்த்தால் குறைகள் நிறைய எழுதலாம். ஜமீன்தார்கள் நிறைந்த கட்சி என்பதும், தலித் தலைவர் எம்.சி. ராஜா அதைவிட்டு வெளியேறியதும் அதில் சேரும். ஆனால் அது செய்த இரண்டு காரியங்கள் நம் கேள்விக்கு நேராக வருகின்றன.

ஒன்று, வகுப்புவாரி ஆணை. வேலையிலும் படிப்பிலும் இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்தது. 1950 வாக்கில் அது இருந்த வடிவம் இது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறிஸ்தவர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. தனிமனிதரைச் சாதி பார்த்துத் தள்ளக் கூடாது என்பது தீர்ப்பின் அடிப்படை. அதுவும் ஓர் அறக் கொள்கைதான், சமமானவர்களைச் சமமாக நடத்து என்பது. தமிழ்நாடு கொதித்தது. ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. கல்விக் கூடத்தின் வாசலில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைக்கப்பட்டவரைத் திடீரென்று சமமாக நடத்தினால் அவர் வாசலிலேயே நிற்பார் என்பது அந்தத் திருத்தத்தின் பின்னிருந்த நியாயம். 69 சதவீத இட ஒதுக்கீடு, அருந்ததியர் உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் என்று அந்த வாதம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, பட்டியல் சாதிகளுக்குள்ளும் குரல் எழுப்ப முடியாதவர்கள் உண்டு என்பதும் சட்டத்தில் ஏறியது.

இரண்டாவது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாநகராட்சி மன்றத் தலைவர் தியாகராயர் தொடங்கிய இலவச மதிய உணவு. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் பகுதி இப்போது தேனாம்பேட்டை மண்டலத்தில்தான் வருகிறது. அரசு செலவை அனுமதிக்காததால் சில ஆண்டுகளில் நின்றுபோனது. பிறகு 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. இந்தத் திட்டத்தின் சிறப்பு, தட்டை நீட்டுகிற பிள்ளை யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்பது. 2001இல் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய உரிமையாக்கியது. நீதி நன்றாக நடக்கிற இடத்தில் கேட்கிற வேலையே இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இருந்தாலும் 2018இல் அவிநாசி அருகே, தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சிலர் பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். சோறு சரியாகப் பங்கிடப்பட்ட பிறகும் மீதமிருக்கிற ஒன்று அது. அம்பேத்கர் அதைச் சகோதரத்துவம் என்றார். சுதந்திரம், சமத்துவம் இரண்டையும் சகோதரத்துவத்திலிருந்து பிரித்தால் எதுவும் நிற்காது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அதைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று பிறகு சொன்னார். இராயப்பேட்டைப் பண்டிதர் நின்ற இடமும் அதுதான்.

சகோதரத்துவம் என்பது இனிமையான சொல்லாகக் காதில் விழுகிறது. நடைமுறையில் அது கடினமான ஒன்று: எதிரே நிற்பவர் சொல்வதை உன் வீட்டார் சொல்வதைப் போல நம்பு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செத்தவர்களின் உறவினர் சொன்ன சாட்சியத்தைவிடக் கார் கனமாக இருந்தது. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்த கொடுமையை அரசு முதலில் மறுத்தது. மலைவாழ் பெண்கள் பத்தொன்பது ஆண்டு அதே வாக்குமூலத்தை மாற்றாமல் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். இந்த இரு வழக்குகளிலும் சட்டம் மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. யார் பேச்சு பேச்சாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

இத்தனையையும் பார்த்தபின் எனக்குப் படுவது இது. ஒப்பந்தம், பொது நன்மை, சமத்துவம், கருணை எல்லாமே நீதியின் உறுப்புகள். அவற்றைத் தாங்குகிற அடித்தளம், பாதிக்கப்பட்டவர் கேட்கலாம், கேட்டால் கேட்டதற்கே பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஒப்புதல். அவருக்கு நாம் கொடுப்பது அவர் கேட்டதைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம், ஆனால் பதில் ஆகாது. சுயமரியாதை என்று பெரியார் 1925 முதல் சொல்லிவந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2025 ஆகஸ்டில் இது கண்முன் நடந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனது. பல ஆண்டுகளாக மாநகராட்சியில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். நாளுக்கு 753 ரூபாய் வாங்கியவர்களுக்கு இனி 565 என்றார்கள். எங்கள் வேலையை எங்களுக்கு நிரந்தரமாக்குங்கள் என்பது கோரிக்கை. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவு, நடைபாதையைக் காலி செய்யச் சொன்ன நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களைத் தூக்கிச் சென்றது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட ஆறு நலத் திட்டங்களை அறிவித்தது. திட்டங்கள் நல்லவை. விடியும் முன்பே துடைப்பத்தோடு தெருவில் நிற்பவருக்குச் சூடான இட்லி கிடைப்பதை யார் குறை சொல்வார்? ஆனால் அவர்கள் இட்லி கேட்கவில்லை. அதியமானின் பரிசைப் பெருஞ்சித்திரனார் மறுத்த காரணம் இங்கே அப்படியே பொருந்துகிறது, மறுத்துவிட்டுப் போகிற வசதிதான் இவர்களுக்கு இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டைச் சொல்லலாம். கேட்கத் தெரிந்தவன், ஆள் சேர்க்கத் தெரிந்தவன், சிபாரிசு உள்ளவன்தானே இதில் முந்துவான் என்பது ஒன்று. உண்மைதான், அதனால்தான் கயிறு எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும் என்கிறேன். கேட்கவே முடியாத கைக்குழந்தைக்கும் நாளை பிறப்பவருக்கும் என்ன வழி என்பது மற்றொன்று. அங்கே எனக்கு வள்ளலாரைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை. கருணை இல்லாமல் இந்தக் கட்டடம் முழுமையாகாது.

எட்டும் உயரத்தில் தொங்கும் கயிறு ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997இல். விதிவிலக்குகள் மலிந்த, அரைகுறைச் சட்டம் அது. 2005இன் மத்தியச் சட்டம்தான் அதற்குப் பல் வைத்தது. மாநிலத் தகவல் ஆணையம் பல ஆண்டுகள் இயங்கியது தேனாம்பேட்டை ஆலையம்மன் கோயில் அருகில். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 6(2) பிரிவு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது அது. நந்தன் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தேனாம்பேட்டை மண்டலத்தில் குப்பை அள்ளும் வேலை 2020 அக்டோபரிலேயே தனியாருக்குப் போய்விட்டது. ராயபுரத்தில் எழுந்த சத்தம் அன்று இங்கே எழவில்லை. குடியிருப்பவர்களான நாமும் ஒன்றும் கேட்கவில்லை, வண்டி நேரத்துக்கு வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். உங்கள் தெருவைக் காலையில் கூட்டுகிறவருக்கு நாள் கூலி எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கையில் எவ்வளவு வருகிறது, பி.எஃப். கட்டப்படுகிறதா என்று மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கு முன்னால், அந்த அம்மாவிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.